ஐப்பசி இருபத்து மூன்று

கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஐயாயிரம் பேர், ஐயாயிரத்து எண்ணூறு பேர், ஆறாயிரம் பேர் என்று ஆட்கள் வந்து சேரச் சேர நீலக் கோடு ஸ்கிரீனில் மேலே போக, அதற்குக் கீழே பச்சைக் கோடு அலுங்காமல் குலுங்காமல் தரையோடு தரையாக நகர்வதைக் கோகிலவாணி மோவாயைக் கையில் தாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் வந்தவர்களின் எண்ணிக்கை, பச்சை அவர்கள் காத்திருக்கும் நேரம். மூன்று மணிக்கு ஆரம்பித்த டெஸ்ட் நான்கு மணிக்கு முடியும், அதற்குள் நாற்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் உள்ளே இருந்தாக வேண்டும், ஒருவரும் மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்கக் கூடாது, அப்படியே நடந்தால் ரிப்போர்ட்டில் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அடுத்த வாரம் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை முடிவுகளை இந்த இணையதளத்தில் திறந்துவிடப் போகிறார்கள். எட்டு லட்சம் பிள்ளைகள். ஆனால் இப்போது ஸ்கிரீனில் ஏறிக்கொண்டிருக்கிறவர்கள் பிள்ளைகள் இல்லை, பேருக்குத்தான் ஆட்கள், அவளே உட்கார்ந்து எழுதிய நாற்பது வரி நிரலுக்கு ஆயிரமாயிரமாகப் பிறந்தவர்கள். பக்கத்தைத் திறப்பார்கள், எட்டு விநாடி யோசிப்பார்கள், பதிவு எண்ணைப் போடுவார்கள், பிறந்த தேதியைப் போடுவார்கள், மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அரை நிமிடம் கழித்துக் கும்பிட்டுவிட்டுப் போகாத குறையாக வெளியேறுவார்கள். முண்டியடிப்பதில்லை, ஒருவர் எண்ணை இன்னொருவர் பார்ப்பதில்லை, தட்டுத்தடுமாறித் தப்பாகப் போடுவதில்லை. இவ்வளவு நல்ல ஜனங்களை முப்பத்தெட்டு வயதில் அவள் எங்கும் பார்த்ததில்லை, சரவணம்பட்டி சிக்னலில் காலையில் பார்த்த கூட்டத்தில் ஒருத்தர்கூட இப்படி இல்லை, இப்போது மணி மூன்று பத்து.

ஏசி குளிர் கழுத்தில் ஊசி மாதிரி இறங்கியது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெளியே மே மாத வெயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே இவள் மார்கழிக் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவளுக்கு இந்தக் குளிர்தான் முதலில் மறந்து போயிருந்தது. மற்றதெல்லாம் கை மறக்கவில்லை. மறக்கவில்லை என்று அவள்தான் சொல்லிக்கொள்கிறாள், போன வாரம் நடந்ததை நினைத்தால் அப்படிச் சொல்லவும் வாய் கூசுகிறது. போன வாரம் வேறொரு கம்பெனியின் தளத்துக்கு டெஸ்ட் போட்டபோது பச்சைக் கோடு திடீரென்று வானத்துக்கு எகிற, இவள் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விழுந்துருச்சு, நிறுத்துங்க என்று சொல்லி, பன்னிரண்டு பேர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஒன்றரை நாள் தேடினார்கள். கடைசியில் பார்த்தால் தளம் குத்துக்கல் மாதிரி நின்றிருந்தது, விழுந்தது இவளுடைய மிசின், ஆட்களை அனுப்புகிற மிசினுக்கே மெமரி தீர்ந்து மூச்சு முட்டிப் போயிருந்தது. மிசினின் அளவைப் பார்க்காமல் தளத்தைக் குறை சொன்னது முதல் வருஷப் பிள்ளைகள் பண்ணுகிற தப்பு. யாரும் திட்டவில்லை. கோகிலாக்கா டெஸ்ட் போட்டா சைட் விழாது, அக்காவோட மிசின்தான் விழும் என்று காபி மிசின் பக்கத்தில் யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது, அவளும் சிரித்தாள், சிரித்துவிட்டு பாத்ரூமில் போய் முகம் கழுவினாள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது வேலை நிரந்தரமாவதற்கு. இன்னொரு தடவை வாயைத் திறந்து அது பொய்யாய்ப் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம்தான் சொல்லும். அதனால் இன்றைக்கு நல்லபடியாக ஓடட்டும், ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, பன்னிரண்டாயிரம், பச்சை தரையிலேயே கிடக்கிறது, தூங்கும் பூனை மாதிரி கிடக்கிறது. நாலு மிசின், ஒவ்வொன்றும் பத்தாயிரம் பேர், கால் மணிக்கு ஒன்றாகக் கிளம்பும், இரண்டாவது கிளம்பிவிட்டது. மெமரி அளவைப் பார்த்தாள். பாதிகூட நிறையவில்லை.

ஸ்கிரீன் மூலையில் பலூன் பறந்தது. கம்பெனி மெயில், அன்புள்ள கோகிலவாணி, இன்று பிறந்த நாள் காணும் உங்களுக்கு, மாலை நாலரை மணிக்குக் கேக் வெட்ட வாருங்கள். அவளுக்கு ஒரு கணம் யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்ட மாதிரி இருந்தது. மே இருபது. ஆமாம், மே இருபது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று ஐந்து வயது முடியவில்லை என்று தலைமையாசிரியர் சொல்ல, முடிஞ்ச மாதிரி போட்டுக்குங்க சார் என்று அப்பா சொல்ல, அவர் விரலை மடக்கி ஐந்து வருஷம் பின்னால் போய் நின்ற இடம் மே இருபது. அந்தக் கணக்குப்படி கோகிலவாணி பிறந்த அன்று அவள் அம்மா மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள், வாயில் சோறு வைத்தால் குமட்டிக்கொண்டு வரும் மாதம். நிஜத்தில் பிறந்தது ஐப்பசி இருபத்து மூன்று, அடைமழை, மடத்துக்குளம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தண்ணீர் நின்று வண்டி நகராமல் அம்மா ஒரு டீக்கடைப் பெஞ்சில் படுத்துக் கிடந்தது எல்லாம் அம்மா சொல்லிச் சொல்லி இவளே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. மே இருபதுக்கு அம்மா போன் பண்ணமாட்டாள், அது அம்மாவைப் பொறுத்தவரை ஒரு வெறும் தேதி. மெயிலின் அடியில் இந்த மாதத்துப் பிறந்த நாள்காரர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது, சும்மா எண்ணினாள், பதினேழு பேர். நூற்று இருபது பேர் இருக்கிற ஆபீசில் மே மாதம் மட்டும் பதினேழு பேர். அதில் முப்பத்தைந்து தாண்டியவர்கள்தான் அதிகம். மே ஒன்று, மே பத்து, மே பதினைந்து, மே இருபது, மே முப்பது, எல்லாம் வாய்க்கு வசதியான தேதிகள். தமிழ்நாட்டுப் பெண்கள் வருஷம் பூராவும் பிள்ளை பெற, வாத்தியார்கள் அத்தனை பிள்ளைகளையும் கோடை விடுமுறைக்குள் பிறக்க வைத்துவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பதினாறாயிரம், பச்சை அசையவில்லை, சிரிப்பு பாதியிலேயே எங்கேயோ இடறி நின்றது. எதில் இடறியது என்று தெரியவில்லை.

எதிலோ இடறியது. தேதி. அந்தத் தேதியை யாரோ சத்தமாகச் சொல்கிறார்கள், ஐப்பசி இருபத்து மூணு என்று. அது அம்மா, உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டரில், ஆனால் கோகிலவாணி அங்கே இல்லை, அவள் வீட்டில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள், பிளஸ் டூ முடிவு வருகிற அன்றைக்குப் பார்த்து அவளுக்கு அம்மை போட்டிருந்தது, முகம் பூராவும் முத்து. அம்மை போட்டிருக்கிற வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக் கூடாது, ஆத்தா கோவிச்சுக்கும் என்பார்கள், அம்மா மாரியாத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பதிவு எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கி மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். சென்டரில் தெருவரைக்கும் கூட்டம். முறை வந்ததும் சென்டர்காரர் எண்ணைத் தட்டிவிட்டுப் பிறந்த தேதி என்னம்மா என்று கேட்டார். அம்மாவுக்கு அதில் என்ன சந்தேகம், உலகத்தில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த தேதி அது ஒன்றுதான், ஐப்பசி இருபத்து மூணுங்க என்றாள், வருஷத்தையும் சொன்னாள். அவர் காலண்டரைப் புரட்டி இங்கிலீஷ் தேதிக்கு மாற்றித் தட்டினார். பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டுப் பதிவு இல்லை என்று வந்தது. அம்மா மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் பதிவு இல்லை. மூன்றாவது தடவை, நான்காவது தடவை, பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போட, ஐந்தாவது தடவையும் பதிவு இல்லை. படித்தவர்கள் வீட்டு அம்மாவாக இருந்தால் எங்கேயோ தப்பு என்று நினைத்திருப்பாள். மில்லில் நூல் எடுக்கிற மயிலாத்தாள் இல்லை என்றால் இல்லை என்றுதான் எடுத்துக்கொண்டாள், பெயிலான பிள்ளைகளுக்குப் பதிவு வராது போல என்று அவளாகவே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டாள். மதியம் வீடு வந்து, செருப்பை வெளியில் கழற்றி, கால் கழுவி, கட்டில் பக்கம் வந்து, வரலையாமா கண்ணு, நீ கூழைக் குடி என்றாள். அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள், கழுவின சட்டியையே திரும்பக் கழுவினாள். கோகிலவாணிக்கு அந்த முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அழுதால் முத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரியும் என்பதால் அழக்கூட முடியாமல் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், ஓட்டில் ஒரு ஓட்டை, அதன் வழியாக விழுந்த வெயில் வட்டம் சுவரில் ஊர்ந்து ஊர்ந்து சாயங்காலமானது.

இருபத்திரண்டாயிரம். மணி மூன்று முப்பத்து மூன்று. மூன்றாவது மிசினும் கிளம்பிவிட்டது, பச்சைக் கோட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இடறியது எதில் என்று இப்போது தெரிந்தது. இவளுடைய நாற்பதாயிரம் பேருக்கும் அவரவர் சான்றிதழ்த் தேதி தெரிந்திருக்கிறது. தேர்வு நடத்துகிறவர்கள் எட்டு லட்சம் எண்ணும் அதற்கு நேரே எட்டு லட்சம் தேதியுமாக ஒரு பட்டியல் கொடுத்தார்கள், இவள் அதை அப்படியே ஊட்டிவிட்டாள், ஒவ்வொரு ஆளும் ஒரு எண்ணை எடுக்கிறான், நேரே உள்ள தேதியை எடுக்கிறான், முதல் தடவையிலேயே சரியாகப் போட்டுவிடுகிறான். இப்படி ஒரு ஊர் எங்கே இருக்கிறது? சரியான ஜோடிகளுக்கான பதிலை எல்லாம் தளம் முன்கூட்டியே சமைத்துத் தட்டில் வைத்திருக்கிறது, கேட்டதும் நீட்டிவிடும், அதில் அதற்கு ஒரு சிரமமும் இல்லை. தப்பான ஜோடி வந்தால்தான் தட்டில் இல்லாததைத் தேடிச் சமையல்கட்டுக்குப் போகும், அங்கே இல்லை என்றால் உக்கிராண அறைக்குப் போகும், மூட்டை மூட்டையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து பதிவு இல்லை என்று சொல்லும். இருப்பதை எடுத்துக் கொடுக்க ஒரு நொடி போதும், இல்லாததை இல்லை என்று சொல்வதற்குத்தான் வீடு முழுக்கத் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஆளாவது ஒரு தடவையோடு போவானா, போகமாட்டான், மயிலாத்தாள் மாதிரி ஐந்து தடவை கேட்பான். கேட்கக் கேட்கக் கூட்டம் கரையாமல் உள்ளேயே நிற்கும். ஆனால் இப்போதெல்லாம் யார் அப்படித் தப்புத் தேதி போடுகிறார்கள் என்று மனசின் இன்னொரு பக்கம் வக்கீல் மாதிரி எழுந்து நின்றது, இன்றைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பள்ளியில் சேர்க்கவே மாட்டார்களே, உன் காலத்துக் கதையை இந்தப் பிள்ளைகள் தலையில் கட்டாதே, போன வாரம் மானம் போனது போதாதா, வாயை மூடிக்கொண்டு உட்கார், நான்கு மணிக்குச் 'சரி' என்று எழுது, நாலரைக்குக் கேக் சாப்பிடு.

சரிதான், உட்காரலாம். இருபத்தைந்தாயிரம். உட்கார முடியவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு யார் யார் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று பார்க்கத் தொடங்கினாள், பிள்ளை ஒருத்தி மட்டுமா? பிள்ளை பயத்தில் போர்வைக்குள் இருக்கும். போனைப் பிடித்திருப்பது அம்மா. அம்மாவுக்கு நிஜத் தேதிதான் விரலில் வரும், சான்றிதழில் அதே தேதி இருந்தாலும் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போடுவாள். திருப்பூரில் மாமா, நட்சத்திரம் ஞாபகம் இருக்கும், வருஷம் ஞாபகம் இருக்காது, குத்துமதிப்பாக ரெண்டு வருஷத்தையும் போட்டுப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரி, அவள் பிள்ளையின் எண்ணுக்கு அடுத்த எண் இந்தப் பிள்ளையுடையது, இது எவ்வளவு எடுத்ததோ என்று தெரியாமல் அவளுக்கு மதியச் சோறு இறங்காது, தேதி தெரியாவிட்டால் என்ன, பிறந்த நாளுக்குச் சாக்லேட் கொடுத்த மாதத்தை நினைவுபடுத்தி முப்பது நாளையும் வரிசையாகப் போடுவாள். சித்தப்பா, ட்யூஷன் டீச்சர், கூடப் படித்த பிள்ளை, பேச்சுவார்த்தை நின்று போன பெரியம்மா. ஒரு முடிவைத் தேடி ஒன்பது பேர் வருவார்கள், ஒன்பதில் ஒருவருக்குத்தான் சரியான தேதி தெரியும். இது எந்தப் பட்டியலிலும் இல்லை, இதை எந்த மிசினும் சொல்லித் தராது, இந்த ஊரில் பிறந்து வளர்ந்து பரீட்சை எழுதியவளுக்குத்தான் தெரியும். கோகிலவாணி எழுந்தாள். உட்கார்ந்தாள். புதன்கிழமை எங்கேயோ ஒரு மயிலாத்தாள் பதிவு இல்லை என்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள் என்ற நினைப்பு வந்ததும் மறுபடி எழுந்தாள். நான்காவது மிசின் இன்னும் கிளம்பவில்லை. அதற்குள் ஏழு நிமிஷம் இருக்கிறது.

நவ்ஷாத் அவளைவிட ஆறு வயது சின்னவன், டீம் லீடர், கரும்புக்கடையிலிருந்து பைக்கில் வருகிறவன், ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு யாரிடமோ எல்லாம் நல்லா போயிட்டிருக்குங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான். இவள் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு எச்சரிக்கை வந்து உட்கார்ந்ததை இவள் கவனித்தாள், போன வாரத்து ஒன்றரை நாள் அவனுடையதும்தான். கடைசிப் பத்தாயிரம் பேரை மட்டும் மாற்றி அனுப்பலாமா என்று கேட்டாள். தப்பான தேதி போடுகிறவர்களாக, ஒவ்வொருவரும் நாலைந்து தடவை போடுகிறவர்களாக. அவன் பொறுமையாகத்தான் பேசினான். திட்டத்தில் அது இல்லை, தப்புத் தேதி போடுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான் இருப்பார்கள், டெஸ்ட்டில் அது வேண்டாம் என்று ஏற்கெனவே பேசி ஒத்துக்கொண்டது, இன்றைக்கு ரிப்போர்ட் போகாவிட்டால் நாளைக்குத் தளத்தை ஒப்படைக்க முடியாது, வேண்டுமானால் அடுத்த வருஷத்துக்குக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. கோகிலவாணிக்குச் சொல்ல வந்தது எல்லாம் மறந்துவிட்டது, அம்மை, முத்து, கழுவின சட்டி, அதை எல்லாம் இவனிடம் எப்படிச் சொல்வது, திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. வாய் வேறு எதையோ கேட்டது.

"நவ்ஷாத், உங்க பிறந்த நாள் எப்பங்க?"

"ஜூன் ஒண்ணு. ஏனுங்க்கா?"

"அது ஸ்கூல்ல குடுத்தது. நெசமா எப்போ?"

அவன் ஹெட்போனைக் கழற்றினான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக, அவனைக் கேட்காமலே வந்தது. "தெரியலைங்க்கா. நோன்புப் பெருநாளுக்கு மூணாம் நாள்னு அம்மா சொல்லுவாங்க. வாத்தியார்கிட்ட ஜூன் ஒண்ணுன்னு சொன்னது எங்க அத்தா." சொல்லிவிட்டு அவன் எழுந்து நின்று ஆபீசை ஒரு சுற்றுப் பார்த்தான், வரிசை வரிசையாகத் தலை குனிந்து தட்டிக்கொண்டிருக்கிற மே மாதத்துக்காரர்களை எல்லாம் இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தான். அவன் தங்கை இந்த வருஷம் பரீட்சை எழுதியிருக்கிறாள் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரியும். மணி மூன்று நாற்பத்து ஒன்று. சீக்கிரம் மாத்துங்க, ஆனா உங்க மிசினோட மெமரியை என் ஸ்கிரீன்லயும் போட்டு விடுங்க என்றான்.

நான்கு நிமிஷத்தில் ஒரு மனுஷியை உண்டாக்க வேண்டும். கோகிலவாணியின் விரல் தப்பாமல் ஓடியது, பக்கத்தைத் திற, எட்டு விநாடி வேண்டாம், இருபது விநாடி, இவள் எழுத்தைத் தேடித் தேடித்தான் தட்டுவாள். எண்ணைப் போடு. தேதியைப் போடு, நாளையும் மாதத்தையும் மாற்றி. இல்லை என்றால் ஆறு மாதம் தள்ளிப் போடு. இல்லை என்றால் திரும்ப முதலில் போட்டதையே போடு, ஏனென்றால் அதுதான் சரி என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததை அவள் எப்படி விடுவாள். ஐந்து தடவை. அதற்கு மேலும் கேட்பாள், ஆனால் பின்னால் நிற்கிறவர்கள் விடமாட்டார்கள். நிரலுக்கு ஒரு பெயர் கேட்டது, யோசிக்காமல் மயிலாத்தாள் என்று போட்டாள். மூன்று நாற்பத்தைந்துக்கு நான்காவது மிசின் கிளம்பியது. முதல் நூறு மயிலாத்தாள்கள் உள்ளே போனார்கள், பச்சைக் கோடு அசையவில்லை. ஐந்நூறு. அசையவில்லை. ஆயிரம் பேர் போயும் கோடு தரையோடு கிடந்தது, தப்பாகப் போய்விட்டதோ, இருந்திருந்து இரண்டாவது தடவையும் ஊரைக் கூட்டிவிட்டேனோ, விழ வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா, விழாமல் இருந்தால் நல்லதுதானே, எட்டு லட்சம் பிள்ளைகளுக்கு நல்லதுதானே, அப்படியானால் நான் என்ன ஜென்மம், என் மானத்துக்காக ஒரு தளம் விழட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இல்லை, விழாவிட்டால் விழாவிட்டதாகவே இருக்கட்டும், மாரியாத்தா, எது நிஜமோ அது தெரிந்தால் போதும். இரண்டாயிரத்து நானூறில் பச்சைக் கோடு லேசாகத் தலை தூக்கியது. நாலு விநாடி. ஏழு. நவ்ஷாத் எப்போது வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான் என்று தெரியவில்லை. பதினோரு விநாடி. மூவாயிரத்து இருநூறில் கோடு செங்குத்தாக எழுந்து, உச்சியைத் தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது, அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. நல்ல பிள்ளைகளாகக் காத்திருந்த முப்பதாயிரம் பேருக்கும் சேர்த்துத்தான் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மெமரி அளவைப் பார்த்தார்கள். பாதிகூட நிறையவில்லை. இந்தத் தடவை மிசின் குத்துக்கல் மாதிரி நின்றிருந்தது, விழுந்தது தளம்தான்.

நவ்ஷாத் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, புதன்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருக்குங்க்கா என்று மட்டும் சொன்னான், அவன் குரல் நிம்மதியாக இருந்தது. கோகிலவாணிக்கும் அந்தச் செத்துக் கிடக்கிற ஸ்கிரீனைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாத சந்தோஷம். இன்றைக்கு விழுந்ததில் ஒரு பிள்ளையும் அழவில்லை, ஒரு அம்மாவும் முதுகைத் திருப்பிக்கொள்ளவில்லை, உள்ளே இருந்த அத்தனை பேரும் அவள் உண்டாக்கினவர்கள், அவர்களுக்கு வலிக்காது. அன்றைக்குச் சாயங்காலம் அம்மை வீடு என்பதால் வாசலுக்கு வெளியிலேயே நின்று பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா கத்தியது ஞாபகம் வந்தது, மயிலாத்தா, கோகிலா ஆயிரத்து நாப்பத்து மூணு, பள்ளிக்கூடத்துல ஒட்டியிருக்கறாங்க என்று. அம்மா ஓடிப் போய் வாசலில் நின்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள், மூன்றாவது தடவையும் கேட்டாள். உள்ளே வந்து அவள் முதலில் சொன்னது சந்தோஷமான வார்த்தை இல்லை, கோபமான வார்த்தை. பெத்த தேதி எனக்குத் தெரியாதா கண்ணு, அந்த மிசினுக்குத்தான் தெரியல என்றாள். பிறகுதான் அழுதாள். அன்றைக்கு வீடு வரும் வழியிலேயே மில்லில் சூப்பர்வைசரிடம் மகளுக்கு ஒரு வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்ததை ரொம்ப வருஷம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டாள்.

நவ்ஷாத் தாளை எடுத்துக் கிறுக்க ஆரம்பித்திருந்தான். எண்ணை மட்டும் வைத்துத் தட்டிலேயே முதலில் பார்த்துவிட்டால், எண் இருந்து தேதி பொருந்தாதவர்களுக்காக உள்ளே போய்த் தேட வேண்டியதில்லை, உடனே பதில் சொல்லிவிடலாம், இரண்டு நாள் வேலை, திரும்ப டெஸ்ட் போட ஒரு நாள், போதும். அவர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றான். அப்புறம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அடுத்த டெஸ்ட்டுல இந்த அம்மாங்கள எத்தனை பேர் வைக்கலாம்? நூத்துக்கு முப்பது?"

"நாப்பதே வைங்க," என்றாள். "மாமாவும் வருவாருங்க."

அவன் எழுதிக்கொண்டான். ரிப்போர்ட்டில் 'சரி' என்று இருக்க வேண்டிய இடத்தில் அவள் 'இன்னும் இல்லை' என்று எழுதினாள். இன்னொன்றும் இருந்தது. உடனே பதில் சொல்வது சரி, என்னவென்று சொல்வது? பதிவு இல்லை என்ற அந்த இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டு வேறு போடச் சொல்லலாமா என்று கேட்டாள், நீங்களே எழுதிக் குடுங்க என்று சொல்லிவிட்டு அவன் போன் பேசப் போனான். நாலரைக்குக் கேக் வந்துவிட்டது, கோகிலாக்கா வாங்க என்று கூப்பிட்டார்கள், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தே இருந்தாள். உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வியர்வையும் சாம்பிராணி வாசனையுமாக நெரிசலில் நின்றுகொண்டு, எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரிந்த ஒருத்திக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டு தடவை எழுதி அழித்தாள். மூன்றாவது தடவை எழுதியதை, அம்மா படிக்கிற வேகத்தில், ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.

"உங்கள் பிள்ளையின் முடிவு இருக்கிறது. நீங்கள் சொன்ன தேதி தவறு என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த தேதி எது என்று பிள்ளையைக் கேட்டு, அதைப் போடுங்கள்."